ராஜியும் சமரசமும்: நீதிமன்ற வழக்கில் இசைவு வளர்ந்த கதை

தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகத்தில் வழக்கு முடிந்துவிட்டதா என்று கேட்டால், ‘ராஜி ஆயிடுச்சு’ என்ற பதில் இன்றும் காதில் விழும். அதே வளாகத்தின் பெயர்ப்பலகையில் ‘சமரசத் தீர்வு மையம்’ என்று எழுதியிருக்கும். உள்ளே கையெழுத்தாகும் தாளில் ‘உடன்பாடு’ என்றிருக்கும். வீட்டுக்குப் போனால் பெரியவர்கள் ‘விட்டுக்கொடுத்துட்டுப் போ’ என்பார்கள். ஒரே பொருள் போலத் தோன்றினாலும் இவற்றுக்குள் வேறுபாடு உண்டு. விட்டுக்கொடுக்க ஒருவர் போதும். உடன்பாட்டுக்கு முன்னால் சண்டை இருக்க வேண்டியதில்லை. சமாதானம் ஆனவரின் கோபம் தணிந்திருக்கும். உரிமைக் கோரிக்கை அப்படியே நிற்கலாம். ராஜிக்கோ ஒரு தகராறும், இரு தரப்பின் இசைவும், அந்த இசைவுக்கு ஒரு சான்றும் வேண்டும். அந்தச் சான்று எப்படி அமைய வேண்டும் என்று இருநூறு ஆண்டுகளாகச் சட்டம் தேடிவந்ததையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சமரசம் என்ற சொல் தமிழில் நீண்ட காலம் வழக்குமன்றத்துக்கு வெளியே வாழ்ந்தது. தாயுமானவரிடம் அது வேதாந்தமும் சித்தாந்தமும் ஒன்றுபடும் நிலை. வள்ளலார் 1865-இல் தொடங்கிய சங்கத்துக்குச் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்று பெயரிட்டபோது, எவரும் எதையும் இழப்பது அதன் பொருளாக இருக்கவில்லை; உயிர்கள் அனைத்தையும் ஒன்றாகக் காணும் நோக்கே பொருள். கொள்கையிலிருந்து இறங்கிவருதல் என்ற பொருளோடு ‘சமரசம் செய்துகொள்ளாத தலைவர்’ என்று இன்று மேடையில் புகழ்கிறோம். உயர்ந்த நிலையைக் குறித்த சொல் இப்படி ஒரு குறையைச் சுட்டவும் பழகிவிட்டது.

ராஜி வந்த வழி வேறு. மனநிறைவு கொண்டவர், இசைந்தவர் என்ற பொருளுடைய அரபுச் சொல், பாரசீக ஆட்சிமொழி வழியாக இந்திய அலுவலகங்களுக்குள் வந்தது. அதனுடன் ஆவணத்தைக் குறிக்கும் ‘நாமா’ சேர ‘ராஜிநாமா’ ஆயிற்று. கம்பெனி ஆட்சிக்கால நீதிமன்றங்களில், தன் பிராது தீர்ந்துவிட்டது என்று வாதி எழுதிக்கொடுக்கும் தாளுக்கு அதுவே பெயர். எச்.எச். வில்சன் 1855-இல் வெளியிட்ட நீதி, வருவாய்த் துறைச் சொற்களின் அகராதியிலும் இச்சொல் இடம்பெற்றிருக்கிறது. பம்பாய் மாகாண நிலவருவாய் வழக்கில் அது நிலத்தை விட்டுவிடுவதாக எழுதித்தரும் பத்திரமானது. விட்டுவிடுதல் என்ற அந்தச் சாயல்தான் பதவி விலகலையும் ராஜிநாமா என்று சொல்ல வைத்தது எனக் கருத இடமுண்டு.

சென்னை மாகாணத்தில் இசைவைச் சட்டத்தின் கருவியாக்கிய முதல் பெருமுயற்சி தாமஸ் மன்றோவுடையது. 1814-இல் நீதித்துறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக வந்த அவர், 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் வழியே கிராமத் தலைவரை முன்சீப் ஆக்கினார். பத்து ரூபாய் வரையிலான வழக்கை அந்த முன்சீப் தாமே விசாரிக்கலாம். இரு தரப்பும் இசைந்தால் நடுவராக இருந்து நூறு ரூபாய் வரை தீர்க்கலாம். இருவரும் சம்மதித்தால் கிராமப் பஞ்சாயத்து எத்தொகை வழக்கையும் எடுத்துக்கொள்ளலாம். மக்கள் பஞ்சாயத்தையே நாடுவார்கள் என்று மன்றோ உறுதியாக நம்பினார். நடந்தது வேறு: அந்தப் பஞ்சாயத்துகளுக்கு வந்த வழக்குகள் மிகச் சில. ஊரின் சொல்லுக்குப் பணிவதும் தன் விருப்பத்தால் இசைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதை ஒரு தொடக்கச் சான்றாகக் கொள்கிறேன். ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அஞ்சித் தலையசைத்தவருக்கு, மாற்று மன்றம் ஒன்று கிடைத்ததும் அங்கே போவதற்குக் காரணம் இருந்தது.

1859-இல் வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் ராஜியை நீதிமன்றப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தன. நல்ல இசைவு எது என்ற கேள்விக்கு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் விடை வகுத்தது: வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, திரிபுரை, தவறான புரிதல் ஆகியவற்றால் விளைந்த சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் ஆணை 3-ஆம் விதி, சட்டத்துக்கு உட்பட்ட சமரசத்தைப் பதிவுசெய்து அதன்படி தீர்ப்பாணை வழங்கச் சொன்னது. இளவர் சார்பில் காப்பாளர் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 32-ஆம் ஆணை காவல் வைத்தது.

இந்த வரலாற்றில் திருப்புமுனை என்றால் அச்சட்டத்துக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருத்தம்தான். அதுவரை வாய்மொழிச் சமரசம் நடந்ததா இல்லையா என்பதே தனி வழக்காக நீண்டுகொண்டிருந்தது. இனிச் சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையொப்பமிட வேண்டும் என்று திருத்தம் விதித்தது. ஒப்பந்தச் சட்டப்படி செல்லாததோ செல்லாததாக்கத் தக்கதோ ஆன உடன்பாடு சட்டப்படியான சமரசம் ஆகாது என்ற விளக்கத்தையும் சேர்த்தது. கூடவே, ராஜித் தீர்ப்பாணையை எதிர்த்துப் புதிதாக வழக்குத் தொடரவும் தடை வந்தது. அப்படியானால் ஏமாற்றப்பட்டவர் எங்கே போவார்? தீர்ப்பாணை தந்த நீதிமன்றத்திடமே முறையிடலாம் என்பதை, 1992-இல் பன்வாரிலால் எதிர் சண்டோ தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

குற்ற வழக்குகளில் இசைவுக்கு வேலி இன்னும் இறுக்கம். சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள் எவை, அவற்றில் இசைய உரியவர் யார் என்று 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு பட்டியலிட்டது. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவு. பட்டியலில் இல்லாத குற்றமானாலும், அதன் இயல்பு தனிப்பட்டதாக இருந்தால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் கியான் சிங் தீர்ப்பு சொன்னது. கொலையும் பாலியல் வன்கொடுமையும் அதற்குள் வரமாட்டா என்றும் அதே தீர்ப்பு வரம்பிட்டது. 2015-இல் மதன்லால் வழக்கில், பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கடுமையாக அறிவித்தது. திருமணமோ பணமோ காட்டிப் பெண்ணிடம் வாங்கும் ‘சம்மதத்தை’ இசைவு என்று அழைப்பதே கொடுமை என்பதால், அந்தக் கடுமை முற்றிலும் தேவையானது.

மறுபுறம், விரும்பி வரும் சமரசத்துக்குக் கதவுகள் திறந்துகொண்டே வந்தன. மக்கள் நீதிமன்றங்களுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வலுத் தந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் சமரச மையம் தொடங்கியது. வழக்காடிகள் தாங்களாகவே வெளியில் பேசித் தீர்த்தாலும் நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று, தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவுக்கு 2021-இல் உச்ச நீதிமன்றம் பொருள் கூறியது. ஆனால், மக்கள் நீதிமன்றம் தீர்ப்பு எழுதும் இடமல்ல, தரப்பினரின் இசைவைப் பதிவுசெய்யும் இடம் என்று 2008-இலேயே ஜலூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது. இசைவு இல்லாமலே ‘சமரசம்’ எழுதும் பழக்கம் அங்கும் நுழைந்திருந்ததே காரணம்.

2023-ஆம் ஆண்டுச் சமரசச் சட்டம் இந்த வளர்ச்சியின் அண்மைப் படி. அதன்படி ஏற்பட்ட உடன்பாட்டை எதிர்க்க மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கு ஒவ்வாத தகராறு என நான்கு காரணங்களையே அது தருகிறது. 1872-இல் முதலிடம் பெற்ற வற்புறுத்தலும், அதையடுத்து வந்த தகாத செல்வாக்கும் இந்த நான்கில் பெயரளவில்கூட இல்லை. பாகப்பிரிவினையில் அண்ணனுக்கு அஞ்சிக் கையெழுத்திடும் தங்கையும், முதலாளிக்குக் கடன்பட்ட தொழிலாளியும் 1976-ஆம் ஆண்டு விளக்கத்தின் கீழ் பெற்ற பாதுகாப்பை இங்கே எந்தச் சொல்லின் கீழ் கோருவார்கள் என்பது, நீதிமன்றங்கள் இனி விடைகாண வேண்டிய கேள்வி.