சக்கர நாற்காலியோடு ஏற டாக்சி வேண்டும்

சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் பொதுவாக வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டும். போக, வர வாரத்திற்கு ஆறு பயணங்கள், ஆண்டுக்கு 312. அவர் நீரிழிவால் காலை இழந்து சக்கர நாற்காலியில் இருப்பவரானால், டாக்சி கிடைக்காத நாள் சிகிச்சை தவறும் நாளாகிவிடும். நீரிழிவு அதிகம் பாதித்துள்ள மலேசிய இந்தியர்களிடையே இது பல குடும்பங்களின் கவலை.

சட்டம் என்ன சொல்கிறது?

மற்றவர்களுக்கு நிகராகப் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமையை 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 27ஆவது பிரிவு அளிக்கிறது. ஆனால், அந்த உரிமையை மறுப்போருக்குத் தண்டனை எதுவும் இன்றியே அச்சட்டம் இயற்றப்பட்டது. அதனால் மாற்றுத்திறனாளியைக் கண்டும் நிற்காமல் போகும் டாக்சியின் மீது இச்சட்டத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

வாகனம்

இயற்கை எரிவாயுவில் ஓடிய டாக்சிகளில் எரிவாயுக் கலன் காரின் பின்புறத்தை அடைத்துக்கொண்டது. மடித்த நாற்காலியை வைக்கக்கூட இடம் போதவில்லை. 2025 ஜூலை முதல் தேதியோடு நாட்டில் அந்த எரிவாயு விற்பனை நிறுத்தப்பட்டது. பழைய டாக்சிகளுக்கு மாற்றாக வரும் வாகனங்களில் நாற்காலிக்கு இடம் ஒதுக்க இது நல்ல தருணம்.

மடிக்க முடியாத மின்சார நாற்காலிக்குச் சாதாரண கார் உதவாது. சாய்தளம், உயரமான கூரை, நாற்காலியைத் தரையோடு பிணைக்கும் பட்டைகள், அமர்ந்திருப்பவருக்குத் தனி இடைவார் ஆகியவை கொண்ட வேன் தேவை. இந்த மாற்றங்களுக்கான செலவை ஓட்டுநர் ஒருவரே ஏற்பது கடினம். வரிச் சலுகையும் எளிய கடனும் கிடைத்தால்தான் இத்தகைய வேன்கள் பெருகும்.

ஓட்டுநர்

2019 ஜூலை முதல் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கும் பி.எஸ்.வி. உரிமம் கட்டாயம். அதற்கான பயிற்சியிலேயே சில அடிப்படைகளைக் கற்றுத் தரலாம். பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஓட்டுநரின் முழங்கையை அவர் பற்றிக்கொள்ள விட வேண்டும். செவித்திறன் இல்லாதவருக்கு அழைப்பு பயன்படாது. குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பயணி அமர்ந்து, நாற்காலியை ஏற்றி முடித்த பிறகே மீட்டரை ஓடவிட வேண்டும்.

தோட்டப்புறம்

செம்பனைத் தோட்டங்களின் உட்சாலைகளுக்கு வர ஓட்டுநர்கள் தயங்குகிறார்கள். கைப்பேசி வரைபடமும் சில இடங்களில் பிரதான சாலையோடு நின்றுவிடுகிறது. சிகிச்சை நாள்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால், ஒரே வட்டாரத்து நோயாளிகள் சேர்ந்து ஒரு நிரந்தர ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளலாம். அவருக்கும் உறுதியான வருமானம் கிடைக்கும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

* சமூகநலத் துறையில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறுங்கள்.
* டாக்சியை அழைக்கும்போதே நாற்காலி மடியக்கூடியதா, உடன் வருவோர் எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிடுங்கள்.
* ஏற்ற மறுத்தால் வாகன எண், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆபாட்டிடம் புகார் செய்யுங்கள்.

புகார் பதிவாகாத வரை, பிரச்சினையே இல்லை என்றுதான் கணக்கில் இருக்கும்.