மாத்தளைக் கிளர்ச்சியும் கொழும்புப் பத்திரிகையும்

1848ஆம் ஆண்டு யூலை மாதக் கடைசியில் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டப்பட்டது. அவருடைய படையினர் சில நாட்களில் மாத்தளையுட் புகுந்தனர். துப்பாக்கிக்கு இரண்டரைச் சிலிங், நாய்க்கு ஒரு சிலிங் என விதிக்கப்பட்ட வரிகளும், ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும் என்ற சட்டமுமே மலைநாட்டாரைக் கொதித்தெழச் செய்தன. இவ்வளவும் நேயர்கள் பாடப் புத்தகத்திற் படித்தவையே. அக்காலப் பத்திரிகையாளர் நடந்துகொண்ட விதமோ அத்துணை அறியப்படவில்லை.

1832இல் ‘கொழும்பு ஜேர்னல்’ அரசாங்க அச்சகத்திலே பிறந்தது. அச்சகத் தலைவர் ஜோர்ஜ் லீயே பத்திராதிபர். தேசாதிபதி ஹோர்ட்டனும் அதில் எழுதினார். ஆள்வோர் எழுத, அவர்தம் ஊழியர் அச்சிட, அதுவே செய்தியாயிற்று. 1833 முடிவில் அது நின்றது. மறு ஆண்டு கொழும்பு வர்த்தகர்கள் ‘ஒப்சேவர்’ பத்திரிகையைத் தொடங்கினர்.

பின்னர் அதன் பத்திராதிபராக வந்தவர் கிறிஸ்தோபர் எலியட் என்னும் வைத்தியர். வரியிறுக்கும் மக்களுக்கு ஆட்சியிற் குரல் வேண்டும் என வாதிட்ட கடிதமொன்றை 1848 யூலையில் ஒப்சேவர் வெளியிட்டது. கீழே ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற கையொப்பம். சிங்களத்திற் பெயர்க்கப்பட்டு அது ஊர்களிற் பரவியது. கலகத்துக்கு வித்திட்டவர் எலியட்டே என்று தேசாதிபதி டொறிங்டனின் தரப்பார் குற்றஞ்சாட்டினர். ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் பௌத்த பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். எலியட் வாய்மூடி இருக்கவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரித்தது. 1850இல் டொறிங்டன் பதவியிழந்தார்.

எலியட்டை மக்களின் காவலர் என்று புகழ்வது சற்று மிகையே. அவரது பத்திரிகை வர்த்தகர் சார்பானது. ஆயினும், மன்னார்க் கரையிலிறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்த தமிழ்த் தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் மாண்ட கதையையும் அது மறைக்கவில்லை. 1840களில் எழுபதினாயிரம் பேரளவில் மாண்டனர் என 1849இல் அது கணக்கிட்டது. கோப்பித் தோட்டக்காரர் விரும்பக்கூடிய செய்தியன்று அது.

எலியட்டும் 1858இல் அரசாங்க வைத்திய சேவையின் தலைமையை ஏற்றார். 1923இல் ஒப்சேவரை டி. ஆர். விஜேவர்த்தன வாங்கினார். ‘தினகரன்’ பிறந்ததும் அவரது லேக் ஹவுஸ் நிறுவனத்திலேயே. 1973இல் இயற்றப்பட்ட 28ஆம் இலக்கச் சட்டம் அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை அரசின் வசப்படுத்தியது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆசிரிய பீடமும் மாறுவது அதன்பின் வழக்கமாயிற்று. எழுதத் தெரிந்தவனைவிட, எதை எழுதாமல் விடவேண்டும் எனத் தெரிந்தவனே அங்கே நெடுநாள் நிலைத்தான். எலியட்டின் ஒப்சேவரும் அதே கூரையின் கீழேதான் அச்சாகிக்கொண்டிருந்தது.