லைட் பச்சையா எரியுது, நெட் மட்டும் வரல... இரண்டாவது லைன் இருந்தும் ஏன் மாறவில்லை?

ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். பில்லிங், கார்டு மெஷின், இன்னொரு கிளையின் ஸ்டாக் கணக்கு என எல்லாமே இன்டர்நெட்டில்தான் ஓடுகிறது. மெயின் லைன் ஃபைபர். அது போனால் கைகொடுக்க 4ஜி சிம் இணைப்பு ஒன்று. இரண்டும் ஒரே ரூட்டரில். மாதாமாதம் இரண்டுக்கும் பணம் கட்டுகிறார்கள்.

ஒருநாள் காலை தெருவில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்துபோகிறது. கவுண்டரில் கூட்டம் நிற்கிறது, பில் வரவில்லை. 4ஜி பக்கம் டேட்டா இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது. ஆனால் ரூட்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெறுத்துப்போன கடைக்காரர், ரூட்டரில் சொருகியிருந்த மெயின் லைன் கேபிளைப் பிடுங்குகிறார். அடுத்த சில விநாடிகளில் நெட் வந்துவிடுகிறது!

கேபிளைப் பிடுங்கினால் வருகிறது, சொருகினால் போகிறது. இது என்ன கூத்து? பேக்கப் லைன் வைத்திருக்கும் அலுவலகங்களில் அடிக்கடி வரும் இந்தச் சிக்கலுக்கு என்ன காரணம், எங்கே பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ஸ்டாட்டிக் ரூட் என்றால் என்ன?

"வெளியே போக வேண்டிய டேட்டா எல்லாம் இந்தப் பக்கம் போ" என்று ரூட்டரில் கையால் எழுதி வைக்கும் வழிதான் ஸ்டாட்டிக் ரூட். இரண்டு லைன் இருந்தால் இரண்டு வழி எழுத வேண்டும். எது மெயின், எது பேக்கப் என்று ரூட்டருக்குச் சொல்ல 'டிஸ்டன்ஸ்' என்று ஓர் எண் உண்டு. எண் குறைவாக இருக்கும் வழியே ஜெயிக்கும். சிஸ்கோவிலும் மைக்ரோடிக்கிலும் ஸ்டாட்டிக் ரூட்டுக்குத் தானாக வரும் எண் 1, ஃபோர்டிகேட்டில் 10. பேக்கப் வழிக்கு அதைவிடப் பெரிய எண் கொடுத்தால் அது பின்னால் காத்திருக்கும். மெயின் வழி ரூட்டிங் டேபிளில் இருந்து விலகினால்தான் முன்னுக்கு வரும். இதற்கு ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக் ரூட் என்று பெயர்.

சிலர் அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது ரூட்டர் இரண்டு லைனையும் கலந்து பயன்படுத்தும். பேங்க் வெப்சைட் பாதியில் லாக்-அவுட் ஆகிறது என்று புகார் வந்தால் இதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, மெயின் வழி எப்போது விலகும்?

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. வேறு எதுவும் சொல்லாவிட்டால், தன் போர்ட் டவுன் ஆனால் மட்டுமே ரூட்டர் அந்த வழியைத் தூக்கும். ஆனால் ரூட்டரின் கேபிள் நேராகத் தெருவுக்குப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஃபைபர் மோடத்துக்குத்தான் போகிறது. அந்த ஒரு மீட்டர் கேபிளுக்கு எதுவும் ஆகவில்லை. லைட் பச்சையாகத்தான் எரியும். ரூட்டரைப் பொறுத்தவரை மெயின் லைன் நலமாக இருக்கிறது! அறுந்தது தெருவில் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. கடைக்காரர் கேபிளைப் பிடுங்கியபோதுதான் அதற்கு விஷயம் புரிந்தது.

இதே கூத்து ஒரு நாடு முழுக்க நடந்ததும் உண்டு. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தின் மைய நெட்வொர்க், ஒரு ரூட்டிங் மாற்றத்தில் நடந்த தவறால் படுத்துவிட்டது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் செல்போன் டவர்கள் சிக்னல் கொடுத்துக்கொண்டே இருந்தன. சிக்னல் இருப்பதால் போன்கள் ரோஜர்ஸையே பிடித்துக்கொண்டு நின்றன. அவசர உதவிக்கு 911 அழைத்தபோதுகூட பல போன்கள் வேறு நிறுவனத்தின் டவருக்குத் தாவவில்லை. சிம்மைக் கழற்றிவிட்டு அழைத்தால் போகும் என்ற நிலை. மருந்துக் கடைக்காரர் கேபிளைப் பிடுங்கியது போலத்தான்.

லிங்க் மானிட்டர் என்ன செய்யும்?

லைட்டை நம்பாமல், "அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா?" என்று ரூட்டரே குரல் கொடுத்துப் பார்ப்பதுதான் லிங்க் மானிட்டர். குறிப்பிட்ட முகவரிக்கு பிங் அனுப்பும். பதில் வரவில்லை என்றால் மெயின் வழியை டேபிளில் இருந்து எடுத்துவிடும், பேக்கப் தானாக முன்னுக்கு வரும். சிஸ்கோவில் இது ஐபி எஸ்எல்ஏ, ட்ராக் என்று இரண்டு துண்டாக இருக்கும். ஃபோர்டிகேட்டில் பெயரே லிங்க் மானிட்டர். மைக்ரோடிக்கில் செக் கேட்வே.

இதைப் போட்ட பிறகும் சிக்கல் வருகிறதா? அப்படியென்றால் யாரை பிங் செய்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் 'கேட்வே' முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். மோடமே ரூட்டர் வேலையும் பார்க்கும் இடங்களில் அந்த கேட்வே என்பது அதே மோடம்தான், அதாவது 192.168.1.1 மாதிரி ஒரு முகவரி. தெருவில் ஃபைபர் போனாலும் மேஜை மேல் இருக்கும் மோடம் "இருக்கேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தால் முதல் படி மோடமா, சர்வீஸ் கம்பெனியா என்பது தெரிந்துவிடும். பிங் போக வேண்டியது மோடத்தைத் தாண்டி.

"அப்போ 8.8.8.8 போட்டுடலாம்" என்பதுதான் எல்லோருக்கும் வரும் யோசனை. இங்கேதான் பெரிய பள்ளம்.

மெயின் லைன் போகிறது. 8.8.8.8-க்கு பதில் இல்லை. ரூட்டர் பேக்கப்புக்கு மாறுகிறது. இப்போது அடுத்த பிங்கும் பேக்கப் வழியாகவே போகிறது, பதிலும் வருகிறது! "ஆஹா, மெயின் சரியாகிவிட்டது" என்று ரூட்டர் பழைய வழிக்குத் திரும்பும். அங்கே லைன் செத்துக் கிடக்கிறது. மறுபடி மாறும், மறுபடி திரும்பும். கடையில் இருப்பவர்களுக்கு நெட் வந்து வந்து போவதாகத் தெரியும். லாக் எடுத்துப் பார்த்தால் சீரான இடைவெளியில் அப், டவுன், அப், டவுன் என்று வரிசையாக இருக்கும். அப்படி இருந்தால் நோய் இதுதான்.

இதற்கு மருந்து, பிங் போகும் அந்த ஒரே முகவரிக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதி மெயின் லைனோடு கட்டிப்போடுவது. ஃபோர்டிகேட்டில் எந்த போர்ட் வழியாக அனுப்ப வேண்டும் என்று லிங்க் மானிட்டரிலேயே சொல்லிவிடலாம். சிஸ்கோவில் 'சோர்ஸ்' என்று கொடுப்பது அனுப்புநர் முகவரியைத்தான் தீர்மானிக்கும், போகும் வழியை அல்ல. இது தெரியாமல் நாள் கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

இந்த மருந்துக்கு ஒரு பக்கவிளைவும் இருக்கிறது. கடையின் கம்ப்யூட்டர்களில் டிஎன்எஸ் முகவரியாகவும் 8.8.8.8 இருந்தால், மெயின் போனதும் அதுவும் சேர்ந்து முடங்கும். ஏனென்றால் அந்த முகவரியைத்தான் மெயின் லைனோடு கட்டிப்போட்டாகிவிட்டதே. லைன் மாறியிருக்கும், ஆனால் ஒரு வெப்சைட்டும் திறக்காது. அதனால் பிங்குக்கு ஒரு முகவரி, டிஎன்எஸ்ஸுக்கு வேறொன்று என்று பிரித்து வைக்க வேண்டும்.

எத்தனை விநாடியில் மாறும்?

கருவிக்குக் கருவி வித்தியாசம் பெரிது. எதையும் மாற்றாமல் விட்டால் சிஸ்கோ ஐபி எஸ்எல்ஏ 60 விநாடிக்கு ஒருமுறைதான் கேட்கும். மைக்ரோடிக் 10 விநாடிக்கு ஒருமுறை கேட்டு, இரண்டு முறை பதில் வராவிட்டால் விலக்கும். ஃபோர்டிகேட் அரை விநாடிக்கு ஒருமுறை கேட்டு, ஐந்து முறை தவறினால் மாறிவிடும். வேகம் நல்லதுதான், ஆனால் லைன் கொஞ்சம் திணறினாலே மாறி மாறி ஆடும். போகும்போது சீக்கிரம் போகட்டும், திரும்பும்போது ஒரு நிமிடமாவது மெயின் ஸ்டெடியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பட்டும் என்று அமைப்பதே புத்திசாலித்தனம்.

சிஸ்கோவில் இன்னொரு பழைய தொல்லை. ஐபி எஸ்எல்ஏ-வை எழுதினால் மட்டும் போதாது, 'ஷெட்யூல்' கொடுத்து ஓடவும் விட வேண்டும். கொடுக்கும்போது எவ்வளவு காலம் என்று சொல்லாவிட்டால் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரத்தில் சோதனை நின்றுவிடும். வைத்தவர் எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போன பிறகு நிற்கும்.

வழி மாறியும் நெட் வரவில்லையா?

ரூட்டிங் டேபிளில் பேக்கப் வழி தெரிகிறது, ஆனாலும் வேலை செய்யவில்லை என்றால் ரூட்டைக் குடைவதில் பலன் இல்லை. பேக்கப் போர்ட்டுக்கு நேட் விதி எழுதினார்களா, ஃபயர்வால் அந்தப் பக்கம் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். எண் முகவரிக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ். மெயின் லைன் கம்பெனியின் டிஎன்எஸ்ஸையே வைத்திருந்தால், வேறு கம்பெனி லைனில் இருந்து கேட்கும்போது அது பதில் சொல்லாமல் போகலாம்.

மற்றதெல்லாம் ஓடுகிறது, இன்டர்நெட் வழி பேசும் ஐபி போன் மட்டும் ஊமையாகிவிட்டதா? அந்த போன் இடைவிடாமல் பாக்கெட் அனுப்புவதால் பழைய லைனில் தொடங்கிய நேட் பதிவு காலாவதி ஆகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவை அழித்தாலோ, போனைச் சிறிது நேரம் அணைத்து வைத்தாலோ சரியாகும். வெளியில் இருந்து சிசிடிவி பார்க்க முடியவில்லை என்றால் அது பழுதே இல்லாமலும் இருக்கலாம். பல 4ஜி இணைப்புகளில் ஒரே பொது முகவரியை பலர் பகிர்வதால் வெளியில் இருந்து உள்ளே வர முடியாது.

சோதித்துப் பார்ப்பது எப்படி?

ரூட்டர் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது சோதனையே ஆகாது. அதில் எந்த பேக்கப்பும் பாஸ் ஆகிவிடும். கடை மூடிய பிறகு, மோடத்தின் ஃபைபர் பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கக் கூடாது, உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை விநாடியில் மாறுகிறது, பில் போடுகிறதா, கார்டு மெஷின் ஓடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பச் சொருகியதும் மெயினுக்கு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வராவிட்டால் யாருக்கும் தெரியாமல் நாள் முழுக்க 4ஜி டேட்டா கரையும். சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்துபோனதும் இந்தச் சோதனையில்தான் பல நேரம் வெளியே வரும்.

இரண்டு லைனும் ஒரே கம்பெனியா, ஒரே கம்பத்தில் வருகிறதா என்பதை மட்டும் எந்த லிங்க் மானிட்டராலும் சொல்ல முடியாது. ரோஜர்ஸ் விழுந்த அன்று கனடாவின் டெபிட் கார்டு கட்டண அமைப்பான இன்டராக்கும் சேர்ந்தே முடங்கியது. கூடுதலாக இன்னொரு நெட்வொர்க் நிறுவனத்தைச் சேர்ப்பதாக அந்த அமைப்பு அறிவித்தது அதற்குப் பிறகுதான்.