பணிவு வேறு, அடிமை வேறு

தந்தை, மைந்தன், தூய ஆவி என மூவர். ஆயினும் இறைவன் ஒருவரே. அம்மூவருள் உயர்ந்தவரும் இல்லை, தாழ்ந்தவரும் இல்லை. 325இல் நைசியாவிலும், 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சபைத் தலைவர்கள் வகுத்த கிறித்தவக் கோட்பாடு இது. மைந்தன் தந்தைக்குப் பணிந்தான். சிலுவைச் சாவு வரை பணிந்தான். அப்பணிவு அவனைத் தாழ்த்திவிடவில்லை என்பதே அந்தக் கோட்பாட்டின் சாரம்.

விண்ணிலே சமத்துவம் பேசிய சமயம், மண்ணிலே எப்படி நடந்தது? மேற்கு மலையடியில் ராயகிரி முதல் கீழ்க்கடற்கரை வரை பரந்து கிடந்த பழைய நெல்லைச் சீமையின் வரலாறு விடை கூறும்.

நாசரேத்தில் உபதேசியாராகப் பணியாற்றியவர் அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை. எபிரேயமும் கிரேக்கமும் பயின்றவர். வெள்ளைப் பாதிரியாருடன் முரண்பட்டார், பணி பறிபோயிற்று. 1849இல் கால்டுவெல் வெளியிட்ட நூல், நாடார் மக்களை இழித்துரைத்தது. கண்டார், கொதித்தார். 1856இல் ஒப்பிலக்கணம் தந்து தமிழின் தனித்தன்மையை உலகறியச் செய்த அதே கைதான் அந்நூலையும் எழுதிற்று! நன்றியை மறவோம், உண்மையை மறைக்கவும் மாட்டோம்.

1857இல், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், வெள்ளையர் தலைமையை ஏற்காத தனிச் சபை கண்டார் சட்டம்பிள்ளை. இயேசுவை விடவில்லை, விவிலியத்தை விடவில்லை, செபத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கு மாற்றாகச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். நறும்புகையிட்டு, நிலத்தில் வீழ்ந்து, தம் நாட்டு முறையிலே வணங்கினர் அவர் வழிவந்தோர்.

இறைவனுக்குப் பணிவது அவரவர் நம்பிக்கை. இறைவன் பெயரால் மனிதனுக்கு மனிதன் பணிய வேண்டும் என்பது ஆதிக்கம். இவ்வேறுபாட்டை ஒரு சிற்றூர் உபதேசியார் அன்றே உணர்ந்தார். கோவில், பள்ளிவாசல், மாதாகோவில் எதுவாயினும், அதன் வாயிலில் நிற்கும் நாம் இன்றேனும் உணர வேண்டாமா?