வசனக் கணக்கின் வரலாறும் இளம் மாணாக்கரின் இடர்ப்பாடும்

கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் என்னும் நால்வகைச் செய்கைகளையும் பிழையின்றிச் செய்யும் மாணாக்கன், அவையே ஒரு சிறு கதையுள் அமைந்து வருமிடத்துத் திகைத்து நிற்றலை ஆசிரியர் பலரும் அறிவர். அவனை மந்தபுத்தியினன் என ஒதுக்குதல் எளிது. ஆயின், அத்தீர்ப்பு முறையானதா என்பதை வசனக் கணக்கின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வசனக் கணக்குப் பிற்காலத்தார் புகுத்திய புதுமையன்று. கி. மு. 1550 ஆம் ஆண்டளவில் ஆமெசு என்னும் எகிப்திய எழுத்தன் படியெடுத்த பப்பிரசுச் சுருள் இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது. பத்துப்பேருக்கு அப்பங்களைப் பங்கிடும் கணக்குகளை அதிற் காணலாம். ஒரு தொகையோடு அதன் ஏழிலொரு பங்கைக் கூட்ட 19 வருமாயின் அத்தொகை யாது என்பது அதிலுள்ள மற்றொரு வினா. எழுத்தன் முதலில் 7 எனக் கொள்கின்றான். அதனோடு அதன் ஏழிலொரு பங்காகிய 1 சேர 8 ஆகின்றது. 8 ஐ 19 ஆக்கும் எண்ணால் 7 ஐப் பெருக்க, பதினாறும் எட்டில் ஐந்தும் விடையாகின்றது.

பாரத நாட்டில் இரண்டாம் பாஸ்கரர் 1150 இல் இயற்றிய இலீலாவதி, வண்டுக் கூட்டத்தையும் தாமரையையும் கூறியே வர்க்கமூலக் கணக்கைக் கற்பிக்கின்றது. தமிழிற் காரிநாயனாரின் கணக்கதிகாரமும் விதிகளைச் செய்யுளிலேயே அமைத்துள்ளது. இன்று நாம் இயல்பெனக் கொள்ளும் குறியீடுகளோ மிக இளையன. சமக்குறியை இரொபேட்டு இரெக்கோடு என்னும் அறிஞர் அச்சிற் கொணர்ந்தது 1557 இலேயாம்.

எனவே, மனித குலம் சொல்லிலிருந்து குறியீட்டிற்குச் சென்றது. நம் பள்ளிப்பிள்ளைகளோ பெரும்பாலும் குறியீட்டை முதலிற் கற்றுப் பின்னரே சொல்லிற்கு வருகின்றனர். இடர்ப்பாட்டின் வேர் இங்கேயே உளது.

இதனை 1983 இல் வெளிவந்த ஹட்சன் என்பாரின் ஆய்வு தெளிவாக்கும். பறவைகளும் புழுக்களும் வரைந்த படங்களைச் சிறாருக்குக் காட்டி, புழுக்களிலும் பறவைகள் எத்தனை கூட என வினாவியபோது முதலாம் வகுப்பினருள் நூற்றுக்கு 64 பேரே சரியாக விடையிறுத்தனர். ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் பறந்தால் எத்தனை பறவைகளுக்குப் புழு கிடையாது என வினாவியபோது அனைவரும் சரியாகக் கூறினர். அவர்களினும் இளைய பாலர் வகுப்பினரிடத்து 25 ஆக இருந்த விகிதம் 96 ஆக உயர்ந்தது. எண்கள் மாறவில்லை, வாக்கியமே மாறிற்று.

நம் மொழியிலும் இத்தகைய கண்ணிகள் உள. கண்ணனிடம் 8 மாம்பழங்கள் உண்டு, அவை வேலனிடமுள்ளவற்றிலும் 3 கூட, வேலனிடம் எத்தனை? 'கூட' என்னுஞ் சொல்லைக் கண்டமாத்திரத்தே பிள்ளை கூட்டி 11 என்பான். 5 என்னும் விடையைப் பெற, யாரிடம் மிகுதி, யாரிடம் குறைவு என்பதை அவன் முதலில் மனக்கண்ணாற் காணவேண்டும்.

பொருளை நோக்காது எண்ணை மாத்திரம் பற்றும் பழக்கம் எவ்வளவு தூரம் செல்லும்? 1980 ஆம் ஆண்டளவில் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர், ஒரு கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருப்பின் கப்பற்றலைவனின் வயது என்ன எனச் சிறுவர்களை வினாவினர். 97 பேருள் 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே வயதைக் கணித்துக் கூறினர். கணக்கெனின் விடை இருந்தே தீரும் என்பதை அவர்களுக்குக் கற்பித்தது பள்ளியேயன்றி வேறு யார்?

ஆதலின், செய்கையை ஏவுமுன் கதையைத் தன் சொல்லிற் கூறுமாறும், படமாக வரையுமாறும், புளியங்கொட்டைகளை வைத்து நடித்துக் காட்டுமாறும் பிள்ளையைத் தூண்டுதல் வேண்டும். பெற்ற விடை கதைக்குப் பொருந்துமா என அவனே வினாவப் பழகுதலும் வேண்டும். இப்பணியிற் கணித ஆசிரியரோடு தமிழாசிரியருக்கும் பங்குண்டு. வாக்கியத்தை விளங்காத பிள்ளையைக் கணிதம் வராதவன் என முத்திரையிடுதல், அவன் செய்யாத குற்றத்திற்கு அவனைத் தண்டித்தலேயாம்.