இழுபடும் அச்சுச் சாரம்

மாரடைப்பால் தழும்பேறிய இதயத்தசையின் மாதிரியை ஆய்வகத்தில் வளர்க்க, இழை இழையாக அச்சிட்டு அடுக்கப்படும் நுண்வலையே இழுபடும் அச்சுச் சாரம். உயிரணுக்கள் பற்றிப் படர இடம் தருவதால் இந்தப் பெயர். கொத்தனார் கட்டும் சாரம் அசையக்கூடாது. இதுவோ ஒவ்வொரு துடிப்புக்கும் நீண்டு மீள வேண்டும்.

தோற்றம்

இதயச் சுவர் தசையிழை ஓடும் திசையில் விறைப்பாகவும் குறுக்கே இளக்கமாகவும் இருக்கும். தொடக்ககாலச் சாரங்களில் இந்தத் திசை வேறுபாடு சரிவரக் கிட்டவில்லை. 2002இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் லாங்கர் குழுவைச் சேர்ந்த யாடோங் வாங், கிளிசராலையும் செபாசிக் அமிலத்தையும் இணைத்து, உடலில் கரையும் ரப்பர் ஒன்றை உருவாக்கினார். அந்த ரப்பர் தகட்டில்தான் 2008இல் ஜார்ஜ் எங்கல்மேயரும் லிசா ஃபிரீடும் மற்றவர்களும் லேசரால் துளைகள் வெட்டினர். 200 மைக்ரோமீட்டர் சதுரங்கள் இரண்டை 45 பாகை சாய்த்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிய வடிவம் அது. அக்கார்டியன் துருத்தியின் மடிப்பை ஒத்தது. அதில் விதைத்த எலிக்குட்டியின் இதய உயிரணுக்கள் வரிசையாகப் படர்ந்தன. நெகிழ்வைப் பொருளில் மட்டும் தேடாமல் வடிவத்திலும் தேடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அச்சு முறை

2011இல் பிரிஸ்பேனில் டோபி பிரவுன், பால் டால்டன், டீட்மார் ஹுட்மாக்கர் மூவரும் உருகல் மின்னெழுத்து முறையை வெளியிட்டனர். ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உருகும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற நெகிழி, உயர் மின்னழுத்தத்தால் ஊசிமுனையிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழையாக இழுபடுகிறது. நகரும் தட்டு அதைக் கோலம்போல் வாங்கிக்கொள்கிறது. இந்த நெகிழி அளவு மீறி இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஆகவே நேர்கோடு தவிர்த்து அலையாகவும் அறுகோணமாகவும் இடுகிறார்கள். 2018இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வுக் குழு அச்சிட்ட அறுகோணக் கண்கள் சதுரக் கண்களைவிடக் கூடுதலாக நீண்டு மீண்டன.

தழும்பு

இதயத்தசை உயிரணுக்கள் 25 வயதிலேயே ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடுதான் புதுப்பிக்கப்படுகின்றன. மாரடைப்பில் மடிந்த இடத்தை நாரணுக்கள் என்ற உயிரணுக்கள் சுரக்கும் கொலாஜன் புரதம் அடைத்துவிடுகிறது. அந்த இடம் நலமான தசையைவிடப் பல மடங்கு விறைக்கிறது. மாதிரியில் இந்த விறைப்பை வரவழைக்க இழைகளை நெருக்கியோ தடிப்பாக்கியோ இடலாம். டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தை ஊற்றி நாரணுக்களைத் தூண்டுவதோடு நிறுத்திக்கொண்டு அதைத் தழும்பு என்பது தாராளமான பேச்சு, விறைப்பில்லாமல் தழும்பில்லை.

இன்று தூண்டப்பட்ட மனிதக் குருத்தணுக்களிலிருந்து பெற்ற இதய உயிரணுக்களும் இத்தகைய சாரங்களில் வளர்க்கப்படுகின்றன.