எஹலப்பொல குடும்பத்துக் கதையும் ஒரு கேள்வியும்

இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்தக் கதை தெரியும். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்டி அரசில் மகா அதிகார் பதவி வகித்த எஹலப்பொல, 1814இல் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு எதிராகச் சப்ரகமுவவில் கிளர்ச்சி செய்து தோற்று, கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கண்டியில் அகப்பட்டிருந்த அவருடைய பிள்ளைகளின் தலைகளை வெட்டி, உரலிலிட்டு, பெற்ற தாயைக் கொண்டே இடிக்கச் செய்தான் மன்னன்.

எங்கள் ஆசிரியர் இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் இதே கதையை எடுத்துக்கொண்டு, "இதை எழுதியவர் அந்த நேரம் எங்கே நின்றார்?" என்று கேட்டார். அப்போதும் ஒருவரும் அசையவில்லை. விடை தெரியாததுதான் காரணம்.

இக்கதையை விரிவாக எழுதிப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் ஜோன் டேவி. ஆங்கிலப் படையின் மருத்துவர். அவருடைய நூல் வெளிவந்தது 1821இல். அவர் இலங்கைக்கு வந்ததோ 1816இல். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்! அவர் எழுதியது பிறர் சொல்லக் கேட்டதை. சம்பவ காலத்தில் குறிப்பெழுதியவர் ஜோன் டொயிலி. அவரும் கண்டியில் இருக்கவில்லை. ஒற்றர்களும் வழிப்போக்கர்களும் கொண்டுவந்த தகவல்களால் நிரம்பியது அவருடைய நாட்குறிப்பு. அந்த ஒற்றர் வலையைப் பின்னியவரும் அவரே.

ஆங்கிலேயருக்கு இக்கதை எதற்குப் பயன்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். 1815 ஜனவரி 10ஆம் திகதி ஆளுநர் பிரவுண்ரிக் வெளியிட்ட போர்ப் பிரகடனம், தமது படை மக்களுக்கு எதிரானதன்று, கொடுங்கோலனுக்கு எதிரானது என்றது. (2003இல் ஈராக் போர்ச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது இந்தப் பிரகடனம் என் நினைவுக்கு வந்தது.) மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவத்தில் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தத்தின் முதற் பிரிவே மன்னனின் கொடுமைகளைப் பற்றியதுதான். அவன் முடியுரிமையை இழந்துவிட்டான் என்பது அடுத்த பிரிவு. முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு நியாயம் இல்லை.

குடும்பம் கொல்லப்பட்டது என்பதை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. மன்னன் இரக்கமற்றவனாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த உரலும் உலக்கையும்?

இன்னொரு செய்தி பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நாம்தான் சேர்த்துப் படிப்பதில்லை. எஹலப்பொலவின் மனைவி, கெப்பெட்டிபொல திசாவையின் சகோதரி. அந்தக் கெப்பெட்டிபொல 1818இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடி, அதே ஆண்டு நவம்பரில் போகம்பரையில் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். அவர் யாரை அரசனாக்கப் போராடினார்? தன்னை நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒருவரை. சகோதரியைக் கொன்றவனின் உறவினன் என்று உரிமை கோரியவனோடு அவர் ஏன் சேர்ந்தார்? ஆங்கிலேயர் மீதான வெறுப்பு அத்தனை பெரிதாக இருந்திருக்கலாம். கதை நாம் கேட்டபடி நடக்காமலும் இருந்திருக்கலாம். கேள்வியைக் கேட்காமல் கடந்துபோவதுதான் எனக்கு விளங்கவில்லை. 2017இல் கணநாத் ஒபேசேகர இம்மன்னனைப் பற்றித் தனி நூலே எழுதி, கொடுங்கோலன் என்ற சித்திரத்தையும் டொயிலியின் பங்கையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார்.

இதுவரை படித்த தமிழ் வாசகர்கள் சிலர் மகிழ்ந்திருப்பீர்கள். அவசரம் வேண்டாம். "கண்டியின் கடைசித் தமிழ் மன்னன்" என்று நாம் பெருமையோடு சொல்லும் அந்தக் கண்ணுசாமி, தெலுங்கு வழி வந்த நாயக்கர் குடும்பத்தவன். அரசவையில் தமிழ் வழங்கியது. ஆனால் அவன் பௌத்த மன்னனாக, தலதா மாளிகையின் காவலனாக முடிசூடியவன். ஆங்கிலேயர் 'மலபார்' என்று எழுதியதை அவர்கள் வசதிக்காக எழுதினார்கள். நாம் 'தமிழன்' என்று நம் வசதிக்காக மொழிபெயர்த்துக்கொண்டோம்.

அந்தத் தலைப்பில் நானும் ஒரு ஞாயிறு இதழில் கட்டுரை எழுதியிருக்கிறேன். பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. ஆதாரம் கேட்டு ஒன்றுகூட வரவில்லை.